வெள்ளை வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரபல இசைக் கலைஞர்களோடு பழகிய அனுபவத்தைப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். பழகினேன் என்று சொன்னால் பொய். அவர்களுடைய அறை வாசலில் நின்றேன். பதினெட்டு வருஷம் நின்றேன். கையில் ஒரு கிட்டார் பெட்டி இருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு காரியம் ஆக வேண்டி யாரிடமாவது காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நானும் என் தம்பியும் கிட்டார் செய்கிறவர்கள். பெரிய தொழிற்சாலை என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு பேர் பட்டறை. கழுத்தும், அதன்மேல் குறுக்கே பதிக்கிற ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகளின் வேலையும் என்னுடையது. உடம்பும் பாலிஷும் அவனுடையது. வெளியே போய்ப் பேசுகிற வேலை யாருக்கு என்று வந்தபோது, அவன் வாயைத் திறந்தால் சண்டை வரும் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

கிட்டாரைச் செய்துவிடலாம். விற்பதுதான் பாடு. வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பார், மீட்டிப் பார்ப்பார், அருமையாக இருக்கிறது என்பார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதை யார் வாசிக்கிறாங்க?" நாங்கள் நன்றாகச் செய்கிறோம் என்று நாங்களே சொன்னால் யார் நம்புவார்கள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதனால் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் அதை மேடையில் தோளில் மாட்ட வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். தமிழில் நற்சான்று என்று சொல்லலாம். ஆனால் சான்று கேட்டுப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தவற்றை எந்தச் சொல்லில் அடக்குவது என்று தெரியவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் பார்க்கிற எல்லோருக்கும் கம்பெனிக்காரர்கள் கிட்டாரைச் சும்மா தூக்கிக் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. விலையில் ஒரு தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேலே இருப்பவர்களுக்கு இரவல் கிடைக்கும். இன்னும் மேலே போனால் இலவசம். அவர் பெயரையே கிட்டாருக்கு வைத்து, விற்கிற ஒவ்வொன்றுக்கும் ராயல்டி கொடுப்பது உச்சாணிக் கொம்பு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்கள் அந்தக் கொம்பை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

சரி, கோப்பைக் கதைக்கு வருகிறேன். இதை நான் சொல்லாத இடமில்லை. தம்பிக்கு மனப்பாடம். இன்று வானொலி கிடைத்துவிட்டது, விடுவேனா?

அவர் பெரிய கலைஞர். பெயர் சொல்ல மாட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். மாலை 4 மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மேனேஜர். மூன்றரைக்கே போய்விட்டேன். பெட்டி கனமாக இருந்ததால் வண்டி ஓட்டி வந்தவரும் உதவிக்கு உள்ளே வந்தார். நல்ல மனிதர், கிட்டாருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அறையில் இருந்த ஒரே மேசை மேல் பெட்டியைத் திறந்து, கிட்டாரை மல்லாக்க வைத்தேன். அறைக் காற்றுக்குக் கொஞ்சம் பழகட்டும் என்று வைத்தது. மரம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், விடும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது தனிக்கதை. இரண்டு முறை சுருதி சேர்த்தேன். மூன்றாவது முறையும் சேர்த்தேன். அவர் வரும்போது மணி 7.

நாலு பேர் சூழ வந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஆவி பறக்கிற கோப்பை. பேசிக்கொண்டே கோப்பையை வைக்க இடம் தேடினார். மேசையில் இடமில்லை. கிட்டார் மேல் வைத்தார்.

நேயர்களே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிட்டாரின் முகப் பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். கிட்டத்தட்ட பறையின் தோல் மாதிரி. கோப்பை டொக்கென்று உட்கார்ந்ததும் ஆறு கம்பியும் சேர்ந்து மெதுவாக முனகின. அவரும் அதைக் கேட்டார். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பேச்சைத் தொடர்ந்தார்.

எடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அவருடைய கோப்பை அது. அதைத் தொட்டால் என்ன நினைப்பாரோ என்று நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினொரு நிமிடம் நின்றேன். போனை வைத்ததும் என் பக்கத்தில் நின்ற வண்டி ஓட்டுநரிடம், "நீங்கதான் செஞ்சீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் பதறிப்போய் என்னைக் காட்டினார். "ஓ, அப்படியா" என்றார். ஓட்டுநரிடமே, "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை.

பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சத்தத்துளைக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். நாங்கள் பூசுவது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். மெல்லிசாகக் காயும், நாதத்தை அமுக்காது. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்து உட்கார்ந்தால் பூச்சுக்குள் ஈரம் இறங்கி அந்த இடம் வெளுத்துப் போகும். உங்கள் வீட்டில் பழைய மரமேசை இருந்தால் அதில் பார்த்திருப்பீர்கள். தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, என்ன இது?" என்றான்.

"எண்டார்ஸ்மென்ட்" என்றேன்.

ஆல்கஹாலைத் துணியில் துளி தொட்டு ஒற்றி ஒற்றிப் பார்த்தான். பாதி வட்டம் போயிற்று, பாதி நின்றுவிட்டது. தேய்த்து எடுத்து மறுபடி பூசலாம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கிட்டாரை நாங்கள் விற்கவில்லை.

இப்போது அந்தக் கலைஞர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். கோப்பைக்காக இல்லை, அதற்கு நியாயமே கிடையாது. ஆனால் மேடைக்காரர்கள் நம்மைக் கண்டாலே ஏன் எரிந்து விழுகிறார்கள் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. நீங்கள் பழகின செருப்பைப் போட்டுக்கொண்டு அவசரமாகப் போகிறீர்கள். வழியில் ஒருவர் மறித்து, "இந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கள், அப்படியே நன்றாக இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லுங்கள்" என்றால் எப்படி இருக்கும்? நாங்கள் செய்தது அதுதான். அதுவும் எந்த நேரத்தில்? சவுண்ட் செக்குக்கும் மேடைக்கும் நடுவில், வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிற நேரத்தில்.

கை பழகுவது என்றால் சும்மா இல்லை. ஃபெண்டர், கிப்சன் என்று இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள். ஃபெண்டர் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் கம்பியின் வாசிக்கிற நீளம் 648 மில்லிமீட்டர். கிப்சனின் பல கிட்டார்களில் ஏறக்குறைய 628. இருபது மில்லிமீட்டர்தானே, ஒரு விரல் அகலம்தானே என்று தோன்றும். அது நீளம் முழுக்கப் பங்காகிறது. கம்பி தொடங்குகிற இடத்திலிருந்து முதல் ஃபிரெட் வரை அளந்து பார்த்தால் ஒன்றில் 36 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்றில் 35-க்குக் கொஞ்சம் மேலே. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை இருபது வருஷம் வாசித்த கை கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடும். ஆயிரம் பேர் முன்னால் கண்டுபிடிக்க அது விரும்பாது.

இப்படி ஒருவருக்கு எதைக் கொண்டுபோகிறோம், எப்போது கொண்டுபோகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. 1964 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு முதல் தடவையாக நியூயார்க் போனபோது ரிக்கன்பேக்கர் கிட்டார் கம்பெனி முதலாளி ஃபிரான்சிஸ் ஹால் அங்கே ஒரு ஓட்டலில் தன் கிட்டார்களைப் பரப்பி வைத்தார். குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் வரவில்லை. தொண்டை வலியோடு அறையில் படுத்திருந்தார். அங்கே இருந்த 12 கம்பி மின் கிட்டாரைக் குழுவின் ஜான் லெனன் வாசித்துப் பார்த்து, இதை ஜார்ஜ் பார்க்க வேண்டும் என்றார். கிட்டார் நோயாளியின் அறைக்கே போயிற்று. அதன்பிறகு அந்த ஓசையை உலகம் முழுக்கக் கேட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தத் தொண்டை வலிதான். படுத்துக் கிடக்கிறவருக்கு நேரம் இருக்கிறது. அவரிடம் இல்லாத ஒரு ஓசை கைக்கு வருகிறது. ஏற்கெனவே இருக்கிற கிட்டாரை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. லெனன் 1960-லேயே ஹாம்பர்க்கில் ஒரு ரிக்கன்பேக்கரைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தார். பாதிக் கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது.

அதற்காக முரட்டுத்தனம் எல்லாம் கலைஞர்கள் பக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் 1940-களின் தொடக்கத்தில் ஒரு கட்டை மரத்தில் கம்பியும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பும் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று வேறொரு கிட்டாரை அறுத்து இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒட்டினார். அதைக் கிப்சன்காரர்களிடம் கொண்டுபோனபோது சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்று அவரே பிற்பாடு சொல்லி வந்தார். 1950-ல் ஃபெண்டர் உள்ளே கூடு இல்லாத திடக்கட்டைக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு சிரிப்பு நின்றது. 1952-ல் லெஸ் பால் பெயரிலேயே கிப்சன் கிட்டார் வந்தது.

வந்ததா, அதிலும் ஒரு கோளாறு. கழுத்தைப் பொருத்திய சாய்வு போதவில்லை. கம்பிகளைப் பிடித்து நிறுத்துகிற தண்டின் மேல்பக்கமாகக் கொண்டுபோக முடியாமல் அடியில் நுழைத்துவிட்டார்கள். உள்ளங்கையைக் கம்பிமேல் லேசாகப் பதித்து வாசிப்பதற்கு அங்கே இடமே இல்லை. தன் பெயர் எழுதியிருக்கிறதே என்று அவர் பேசாமல் இருக்கவில்லை. சண்டை போட்டார், அதை மாற்றினார்கள். 1961-ல் வடிவத்தையே மாற்றியபோது அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சில வருஷங்களில் அவர் பெயரே கிட்டாரிலிருந்து போய்விட்டது. அப்புறம் 1968-ல் பழைய வடிவம் பெயரோடு திரும்பி வந்தது. செட் அட்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞரும் அப்படித்தான். 1950-களில் கிரெட்ஷ் கம்பெனி அவர் பெயரில் போட்ட கிட்டாரில் மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி ஒரு 'ஜி' எழுத்தும் கள்ளிச்செடிப் படங்களும் இருந்தன. மனிதருக்கு அது அறவே பிடிக்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் அதெல்லாம் காணாமல் போயிற்று.

நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முன்பும் சொல்லியிருப்பேன், இனிமேலும் சொல்வேன். குறை சொல்கிற ஆள்தான் வேண்டும். ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே வராது. அதனால் செய்ததைக் கொண்டுபோய் வாசிக்கிறவர்கள் கையில் கொடுத்துக் குறை கேட்டார். கிட்டாரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார்கள். 1954-ல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் முதுகைப் பாருங்கள், விலா உட்காரும் இடம் சீவி வளைத்திருக்கும். 'பிரமாதம், பிரமாதம்' என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தால் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இப்போது விறகுக் கதை. ஒரு மூத்த வாசிப்பாளர். சுற்றிலும் மாணவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். கிட்டாரை வாங்கினார். வாசிக்கவில்லை. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தார். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கட்டைவிரலை வைத்தார். "ஆறாவது கம்பி இங்க மூணு மில்லி நிக்குது. இதைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வரலாம்னு எப்படிம்மா தோணுச்சு? அடுப்புக்குத்தான் ஆகும்." மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தாள்.

வண்டியில் உட்கார்ந்து, ஃபிரெட்டுக்கு மேலே கம்பி எத்தனை மில்லி நிற்கிறது என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 2.9. பட்டறையை விட்டுக் கிளம்பும்போது 2.2 இருந்தது. அதற்கு நான் கையெழுத்தே போடுவேன். இரண்டு நாள் பயணம், ஈரக் காற்று. முகப் பலகை ஈரத்தைக் குடித்துத் தொப்பை போட்டிருந்தது. அது மேலே எழும்பினால் அதன்மேல் ஒட்டியிருக்கிற, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜும் எழும்பும், கம்பியும் எழும்பும், விரல் நோகும். காற்றின் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரம் சமர்த்தாக இருக்கும். அதைத் தாண்டினால் குணத்தைக் காட்டும். கழுத்துக்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அது கழுத்தின் வளைவைத்தான் பார்த்துக்கொள்ளும். தொப்பைக்கு வேறு வைத்தியம். கம்பி உட்காரும் வெள்ளைப் பட்டை, சேடில் என்போம், அதை மாற்ற வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு கிட்டாரோடும் இரண்டு சேடில் கொண்டுபோகிறேன். ஒன்று உயரம், ஒன்று குட்டை. போகிற இடத்துக் காற்றைப் பார்த்து மாட்டிக்கொள்வேன். இப்போது எங்களிடம் வாங்குகிறவர்களுக்கும் இரண்டாகவே கொடுக்கிறோம். இதைச் சொன்னால் நான் நிறுத்தமாட்டேன் என்று தம்பி சொல்வான். நிறுத்திவிட்டேன்.

அந்த மூத்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டா? அடுப்பு என்று சொன்னதற்கு உண்டு. மூன்று மில்லிக்கு இல்லை. வெறும் கட்டைவிரலால் அளந்து, பத்தில் ஒரு மில்லிதான் தவறினார். அடுத்த வருஷம் அதே கிட்டாரை அவரிடமே கொண்டுபோனேன். முழுசாக ஒரு மணி நேரம் வாசித்தார். "பரவாயில்லையே" என்றார். ஒப்பந்தமெல்லாம் போடவில்லை. ஆனால் அன்று தரையைப் பார்த்த பெண் பிற்பாடு பட்டறைக்கு வந்து, சொந்தப் பணத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. இன்றைக்கு 'இதை யார் வாசிக்கிறாங்க' என்று கேட்பவர்களிடம் நாங்கள் சொல்வது அவளைத்தான்.

மரியாதையாகப் பேசி ஏமாற்றியவர்களும் உண்டு, விட்டுவிடக் கூடாது. ஒரு மேனேஜர் தேன் ஒழுகப் பேசினார். "இரண்டு கொடுங்கம்மா, சார் ஆசையா இருக்கார்" என்றார். கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றைப் பழையதாக விற்பனைக்குப் பார்த்தேன். உள்ளே தம்பி எழுதிய வரிசை எண் அப்படியே இருந்தது. நானே திரும்ப வாங்கினேன். எழுத்தில் வாங்காமல் கொடுத்தது என் தப்பு. இரவல் என்றால் இரவல் என்று ஒரு தாளில் எழுதி, எண்ணையும் தேதியையும் போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பட்டறைக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா? சேடிலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியிருக்கக் கூடாது.

கடைசியாகப் பேச நினைத்ததுதான் எனக்கு முக்கியம், சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போதெல்லாம் இளம் வாசிப்பாளர்கள் எங்களுக்கு எழுதுகிறார்கள். உங்கள் கிட்டாரை வாசிக்கத் தயார், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இழுப்பறையில் அப்படி நாற்பது கடிதமாவது இருக்கும். பலவற்றுக்கு நான் பதில் போடவில்லை. வேலை இருந்தது, மறந்துவிட்டேன். கோப்பையை வைத்தவருக்கும் வேலை இருந்தது. அந்த நாற்பது பேரில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வாரம் பதில் வரும். பெரும்பாலும் முடியாது என்றுதான் இருக்கும். ஆனால் வரும்.

ஒரு விரல். சரி.

வட்டம் விழுந்த அந்தக் கிட்டாரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். வாசித்துக் காட்டலாம் என்று இருந்தேன், முழுப் பாட்டுக்கு நேரமில்லை. ஒரே ஒரு மீட்டு. இந்த அறையில் ஏசி காற்று வறட்சியாக இருக்கிறது. முகப் பலகை கொஞ்சம் உள்வாங்கிச் சுருதி இறங்கியிருக்கும், ஆறாவது கம்பி இப்போதே எனக்குக் கேட்கிறது. சுருதி சேர்க்க உட்கார்ந்தால் நிமிடம் போய்விடும். இப்படியே கேளுங்கள்.